பன்னீர் ரோஜாவுக்கு நான் போட்ட உரம்

பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் இதுவரை சொல்லாத ஒரு குற்றம் உண்டு. ரோஜாச் செடிக்கு உரம் போட்டேன். (இது பாவமா என்று ஃபாதர் யோசிப்பார். பாதிக்கப்பட்டவர்கள் யோசிக்கவே மாட்டார்கள்.)

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. மாத்தளையில் இருந்து யட்டவத்த போகும் பாதையில், வயலைப் பார்த்த சரிவில் எங்கள் வீடு. நானும் அம்மாவும் மட்டும். பகலெல்லாம் டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் ஆணியும் பெயின்ட்டும் விற்பேன். விடிகாலையில் மட்டும் நான் வேறு ஆள். வீட்டுக்கு முன்னால் ஏழு பன்னீர் ரோஜாச் செடிகள் வைத்திருந்தேன்.

பூக்கடை ரோஜா மாதிரி நீளக் காம்போ இறுகிய மொட்டோ இதற்குக் கிடையாது. புதராக அடர்ந்து, கொத்துக் கொத்தாக இளஞ்சிவப்பில் பூத்து, இரண்டே நாளில் இதழ் கொட்டிவிடும். ஆனால் வாசம்! வெயில் ஏறுவதற்கு முன் பறித்து, இதழின் அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு (அது கசக்கும்), கொதிநீரில் ஊறவைத்து, சீனி போட்டுக் காய்ச்சி நானே சர்பத் செய்வேன். தேசிக்காய் பிழிந்ததும், மங்கிக் கிடந்த சாறு பளீரென்று சிவக்கும். அந்த வித்தையைக் காட்டுவதற்காகவே பாதையில் போகிறவர்களைக் கூப்பிட்டு உட்கார வைப்பேன். சிலர் அதற்காகவே அடுத்த பாதையில் போகத் தொடங்கினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இந்த நிலையில்தான் எல்கடுவ பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருந்து ஒரு வரன் வந்தது. பெண்ணின் பெயர் கிளாரா. தோட்டத்துச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவள். கோயிலில் வைத்துப் பெரியவர்கள் பேசிவிட்டார்கள். நாங்களும் ஒருவரையொருவர் தூரத்தில் இருந்து பார்த்துவிட்டோம். இனி அவர்கள் எங்கள் வீட்டைப் பார்க்க வேண்டும். ஞாயிறு பூசை முடிந்து வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். கிளாராவும் கூட வருகிறாளாம். "நான்தானே அங்க இருக்கப்போறேன், நானும் பாக்கணும்" என்று சொன்னாளாம்.

ரோஜாத் தோட்டத்தால் அவர்களை மயக்கிவிடுவது என்று முடிவு செய்தேன். ஃபோனில் ஒரு வீடியோவில், முட்டைக்கோசு அளவு ரோஜாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர், செடியடியில் மீன் தலையைப் புதைத்தால் பூவும் வாசமும் பிரமாதமாக வரும் என்றார். அதற்குச் சில மாதம் ஆகும் என்றும் சொன்னார். ஒன்றரை அடி ஆழத்தில் புதைக்க வேண்டும் என்றும் சொன்னார். அந்த இரண்டு விஷயத்தையும் நான் காதில் வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் மாக்கெட்டில் ஏழு கெலவல்லா மீன் தலை வாங்கி வந்தேன். ஒவ்வொன்றும் என் தலையில் பாதி இருக்கும். அம்மா ஜெபமாலை சொல்லப் போன நேரம் பார்த்துத் தோண்டினேன். மூன்றாவது வெட்டில் மம்மட்டி கல்லில் பட்டுத் தோள்பட்டை வரை அதிர்ந்தது. நாலு விரல் ஆழம் போதும் என்று தீர்மானித்தேன். மேலே மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டேன்.

சனிக்கிழமை மதியமே அம்மா மூக்கைச் சுளித்தார்.

"டேய் ஜெரோம், எங்கயோ எலி செத்துக் கெடக்குடா."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் டோர்ச் எடுத்துக்கொண்டு, அலுமாரிக்கு அடியிலும் சீலிங்கிலும் ஒரு மணி நேரம் அம்மாவோடு சேர்ந்து எலி தேடினேன். கிடைக்காதது ஆச்சரியம் என்றுகூடச் சொன்னேன்.

ஞாயிறு பத்தரை மணிக்கு வேன் வந்து நின்றது. கிளாராவின் அப்பா அருளப்பன் ஐயா முதலில் இறங்கினார். தோட்டத்தில் ஃபீல்ட் ஒஃபிசராக இருந்து ஓய்வு பெற்றவர். தேய்த்த சட்டை, பார்த்தாலே நிமிர்ந்து நிற்கத் தோன்றும் மீசை. அவருடைய அக்கா பிலோமினா அத்தை, கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையில் வந்தார். பின்னால் கிளாரா. அம்மா இல்லாத அவளுக்கு எல்லாம் இந்த அத்தைதான். அத்தை வேண்டாம் என்றால் கல்யாணம் இல்லை. அது எங்களுக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது.

நான் கதிரைகளை ரோஜாச் செடிகளுக்குப் பக்கத்திலேயே போட்டு, நடுவில் டீப்போ என்ற குட்டை மேசையில் ஒரு தட்டில் ஐந்து கிளாஸ் சர்பத்தும் வைத்திருந்தேன்.

"உள்ளுக்கு உக்கார செட்டி இருக்கே. வெளிய எதுக்குடா?" என்று அம்மா காதுக்குள் கேட்டார்.

"பூவுக்குப் பக்கத்துல இருந்தாத்தாம்மா வாசம் வரும்."

வந்தது.

அத்தை கைக்குட்டையை எடுத்தார். அருளப்பன் ஐயா மீசையைத் தடவுவது போல மூக்கை மூடிக்கொண்டார். வேலியில் வரிசையாகக் காகங்கள். நான் செடிகளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, ரோஜாவைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தேன். கவாத்து, இதழ், சர்பத் என்று என் வாய் ஓயவில்லை. ஒரு பூவைப் பறித்து அத்தையிடம் நீட்டினேன். அவர் முகர்ந்தார். அவருடைய கண்களில் நீர் வந்தது.

"வாசம் இருக்கு தம்பி," என்றார் மெதுவாக. "ஆனா ரோசா வாசம் மாதிரி இல்லயே."

"முதல்ல அப்படித்தாங்க இருக்கும். போகப்போக நல்லா வரும்."

கிளாரா அப்போதுதான் என்னிடம் முதன்முதலாகப் பேசினாள்.

"ஒங்க பின்னால வருதுங்க."

"ஆமாங்க," என்றேன் பூரித்துப்போய். "இந்த வாசம் மெதுவாப் பின்னாலதான் வரும்."

"வாசம் இல்லங்க. கபரகொய்யா."

திரும்பினேன். வயல் வாய்க்காலில் இருந்து ஏறி வந்திருந்தது. ஐந்தடி உடும்பு; கறுப்பு உடம்பில் மஞ்சள் புள்ளி, பிளந்த நாக்கு. எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல், முன்னங்காலால் மண்ணை இரண்டு வாரு வாரியது. நான் மிதித்துச் சமப்படுத்திய இடம் அப்படியே திறந்துகொண்டது. உள்ளேயிருந்து ஒரு கெலவல்லாத் தலை வெளியே வந்தது. உடும்பின் வாயில் இருந்தபடி அந்த மீன் என்னையே பார்த்தது.

"சேசுவே!" என்று அத்தை போட்ட சத்தத்தில் காகங்கள் எல்லாம் எழும்பின. உடும்பும் மிரண்டது. சட்டென்று திரும்பிய வேகத்தில் அதன் வால் டீப்போவில் விழுந்தது. என் சர்பத், தேசிக்காய் பிழிந்து பளீரென்று சிவந்த என் சர்பத், ஐந்து கிளாசோடும் அத்தையின் வெள்ளைச் சேலையில் போய் இறங்கியது. அருளப்பன் ஐயா ஒரே பாய்ச்சலில் பிளாஸ்டிக் கதிரை மேல் ஏறினார். கதிரைக்கால் நான் தோண்டிய பொதபொத மண்ணில் இறங்க, முப்பது வருஷம் ஒரு தோட்டத்தையே நடுங்க வைத்த அந்த மனிதர் மீசையோடு ரோஜாப் புதருக்குள் பின்பக்கமாகச் சாய்ந்தார். பன்னீர் ரோஜாவுக்குப் பூவைவிட முள் அதிகம்.

உடும்பு போக வழி தெரியாமல் என்னை நோக்கி ஓடிவந்தது.

இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்பதை எழுதக் கை கூசுகிறது. நான் கத்தினேன். கிளாராவின் பின்னால் ஓடினேன். அவளுடைய இரண்டு தோள்களையும் பிடித்துக் குனிந்து, முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன். அதுவரை அவளோடு நான் பேசியது இரண்டு வார்த்தை.

அவள் அசையவில்லை. கீழே கிடந்த தட்டை எடுத்துக் கதிரையில் படார் படார் என்று தட்டினாள். "பலயன்! பலயன்!" என்று சிங்களத்தில் விரட்டினாள். எங்கள் ஊர் உடும்புக்குச் சிங்களம் நன்றாக விளங்கும். மீன் தலையோடு வேலியில் நுழைந்து வயலுக்குள் இறங்கிப் போயிற்று.

அத்தையின் சேலையில் இருந்து சர்பத் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா என்னைப் பார்த்த பார்வையில், நேற்று எலி தேடிய ஒரு மணி நேரம் முழுவதும் இருந்தது.

அருளப்பன் ஐயாவை இரண்டு பேர் சேர்ந்து இழுத்து எடுத்தோம். நிமிர்ந்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"தம்பி, எத்தன அடியில பொதச்சீங்க?"

"நாலு... விரக்கடைங்க."

"நாலு விரக்கடையா!" முள் குத்தியதற்குக்கூட அவர் அப்படி அதிர்ந்து போகவில்லை.

வேன் போன பிறகு அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாவது நாள் கிளாராவே ஃபோன் பண்ணினாள். முதலில் அத்தையின் சேலையில் கறை போகவில்லை என்றாள். பிறகு, அப்பாவால் இப்போது உட்கார முடிகிறது என்றாள். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.

"அத விடுங்க," என்றாள். "எங்க வீட்டுல சம்மதம்."

"அத்தையுமா?"

"அத்தைதான் முதல்ல சொன்னாங்க. பயந்தா ஒளியிற ஆளுன்னு மத்த மாப்பிள்ளைங்க கல்யாணத்துக்கு அப்புறம்தான் காட்டுவாங்களாம். நீங்க முந்தியே காட்டிட்டீங்களாம்."

கல்யாணம் நடந்தது. கோயில் வாசலில் படம் எடுக்கும்போது, விஷயம் தெரியாத ஃபோட்டோக்காரர், "மாப்பிள்ள கொஞ்சம் பொண்ணுக்குப் பின்னால நில்லுங்க," என்றார். எல்கடுவையில் இருந்து வந்திருந்த ஒரு பஸ் ஜனமும் வெடித்துச் சிரித்தது. அந்தப் படம்தான் எங்கள் ஹோலில் தொங்குகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும், "மாப்பிள்ள அங்க எதுக்கு நிக்கிறாருன்னு தெரியுமா?" என்று பிலோமினா அத்தை தொடங்கிவிடுவார். நான் மெதுவாக எழுந்து குசினிக்குப் போய் சர்பத் கரைப்பேன்.