சம்பந்தி அண்ணை கம்பெனி பார்த்த கதை

ஜெர்மனியில் கம்பெனிகள் ஆட்களை நேர்காணல் செய்யும். கம்பெனிகளையே நேர்காணல் செய்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் சம்பந்தி அண்ணைதான்.

பீலெஃபெல்டில் நான் மாணவனாக இருந்தபோது கீழ்வீட்டில் குடியிருந்த யாழ்ப்பாணத்துக்காரர். பாதி ஆயுளை ஒரே தொழிற்சாலையில் கழித்தவர். மச்சான் ஒருவர் "வா" என்றாராம், இவர் போனாராம். அந்தத் தொழிற்சாலையை மூடப்போகிறார்கள் என்பது கான்டீன் பூனைக்குக்கூடத் தெரிந்த பிறகுதான் இவருக்குத் தெரிந்தது.

"கலியாணத்துக்கு எவ்வளவு விசாரிக்கிறம்! வேலைக்கு விசாரிச்சனானோ? கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டிப்போட்டன். இனி ஏலாது தம்பி. இனி நானே பார்த்துத்தான் முடிப்பன்" என்றார். அன்று நான் வைத்த பெயர்தான் சம்பந்தி அண்ணை.

வேலைவாய்ப்பு அலுவலக அம்மாள் ஒரு கம்பெனியின் விலாசம் கொடுத்தால், அண்ணை முதலில் அதற்கு எதிரே உள்ள பேக்கரிக்குப் போவார். மதியம் யார் யாருடன் சாப்பிட வருகிறார்கள் என்று பார்ப்பார். ஒரு கம்பெனியை அப்படித்தான் தள்ளினார். "எல்லாரும் தனித்தனிய இருந்து போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகினம். ஒண்டா இருந்து சாப்பிடாத குடும்பத்துக்கை என்னெண்டு போறது?"

இன்னொரு இடத்தில் புகைப்பவர்கள் கூடும் பின்வாசலுக்கே போய்விட்டார். பீடி வாசனைக்கே மூக்கைப் பொத்துகிற மனிதர், அதற்காக ஒரு சிகரெட் பெட்டி வாங்கினார். இருமி இருமிக் கண் சிவந்து வந்து சேர்ந்தார். "அடிக்கடி முதலாளி மாறுதாம். இப்ப இருக்கிறது மூண்டாந்தாரம். அந்த வீட்டுக்கோ என்னை அனுப்பப் பார்த்தவை?"

அண்ணையின் மனைவி, எங்கள் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "நீங்கள் வேலை தேடுறியளோ, வேலையிலை குறை தேடுறியளோ?" அக்கா கத்தியதிலும் நியாயம் இருந்தது. இலையுதிர் காலத்துக்குள் இடம் அமையாவிட்டால் கிடங்கில் பெட்டி அடுக்கத்தான் போகவேண்டும் என்று அலுவலக அம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கட்டிடத்து லிஃப்ட் நின்றது. பழுதுபார்க்க வந்தவன் சீட்டியடித்துக்கொண்டே வேலை செய்தான். அண்ணை அவனைப் பிடித்து உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்து, அவன் கம்பெனியின் குலம் கோத்திரம் எல்லாம் கறந்துவிட்டார். வேலை தெரியாதவர்களுக்குப் பயிற்சியும் கொடுப்பார்களாம். யாரும் சொல்லாமலே விண்ணப்பம் போட்டார். டெர்மினும், அதாவது நேர்காணலுக்கு நாளும், வந்தது.

"தம்பி, நீரும் வாரும். சம்பந்தம் பேசத் தனியப் போறது முறையில்லை."

"அண்ணை, இது இன்டர்வியூ! ரெண்டு பேரா போனா வெளியே அனுப்பிடுவாங்க."

"அனுப்பினா, அந்த வீடு எங்களுக்கு வேண்டாம்."

போனோம். முதலாளியம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். யாருக்கு வேலை என்று கேட்டாள். அண்ணை அசரவே இல்லை. ஜெர்மன் மொழியில், "எனக்குத்தான். இவர் எங்கட பக்கத்து ஆள்" என்றார். எனக்கு நாற்காலிக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. என்ன நினைத்தாளோ, எனக்கும் ஒரு காப்பி வரவழைத்தாள்.

கடைசியில் வழக்கப்படி, "உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கிறதா?" என்று கேட்டாள். அண்ணை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இஞ்சையிருந்து கோவிச்சுக்கொண்டு போன ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

அவள் சிரித்துவிட்டாள். "ஒருவர் சண்டை போட்டுப் போனார். கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிட்டார். கீழே பட்டறையில்தான் நிற்கிறார்."

அண்ணை என் காதில் தமிழில் கிசுகிசுத்தார். "கோவிச்சுப் போனவன் திரும்பி வாற வீடு நல்ல வீடு, தம்பி."

பிறகு அவளிடம் திரும்பியபோது குரல் இறங்கிவிட்டது. அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. "எனக்கு அம்பது வயசாகப்போகுது. இனியும் எனக்குப் படிப்பிப்பியளோ?"

"படிக்க விருப்பம் இருந்தால் படிப்பிப்போம். முதலாம் தேதி வாருங்கள்" என்றாள் முதலாளியம்மா. அப்புறம் என் பக்கம் பார்த்து, "பக்கத்து ஆள் என்ன சொல்கிறார்?" என்று கேலியாகக் கேட்டாள்.

உழைப்பாளி, நேரம் தவறாதவர் என்றெல்லாம் ஜெர்மனில் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு. "எங்க அண்ணையை நல்லா பார்த்துக்கங்க" என்றேன், தமிழிலேயே. மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய அண்ணை குனிந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.