பஞ்சு தாத்தாவின் ஏழு நாள்

எங்கள் வம்சத்தில் ஒருவர் ஜெயிலுக்குப் போனவர் என்ற செய்தியை ஊரறியப் பரப்பியவன் நான்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகவே மேடை ஏறி, படத்துக்கு மாலை போட்டு, தொண்டை கிழியச் சொன்னேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. தலைநகரத்தை டில்லிக்குக் கொண்டுபோய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. கல்கத்தாவில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா வேலை. காளிகாட்டில் ஒரு சந்தில் ஜாகை. சாயங்காலமானால் தெருமுனை வாசகசாலையில் வங்காளி நண்பர்களோடு அரட்டை. அங்கேதான் எனக்கு ஒரு குறை. ஒவ்வொருவனுக்கும் தேசத்துக்காக ஜெயிலுக்குப் போன உறவினர் ஒருவர் இருந்தார். ஒருவனுக்கு மாமா, ஒருவனுக்கு அத்தை புருஷன். காரியதரிசி ஹரிபதோவுக்கு இரண்டு அண்ணன்மார்கள்! (அவன் நடக்கிற நடையிலேயே அது தெரியும்.) எங்கள் மனிதர்களோ நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்கு ஆபீஸ் போய், நேரத்துக்குத் தூங்குகிறவர்கள்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "எங்கள் தாத்தாவின் தம்பி இதே அலிப்பூர் ஜெயிலில் இருந்தவராக்கும்" என்று சொல்லிவிட்டேன். பொய்யில்லை. பஞ்சாபகேசன் என்ற அந்தச் சின்னத் தாத்தா முப்பது வருஷத்துக்கு முன்பே கல்கத்தா வந்து, ஏதோ உத்தியோகம் பார்த்து, ஜெயிலுக்கும் போய் வந்தார் என்று வீட்டில் அரைகுறையாகக் காதில் விழுந்திருந்தது. எதற்காக என்று மட்டும் யாரும் வாய் திறந்ததில்லை.

ஹரிபதோ என்னைக் கட்டிக்கொண்டான். "அண்ணா, இத்தனை நாள் ஏன் மறைத்தீர்கள்? சரஸ்வதி பூஜை அன்றைக்கு அவர் படத்தைத் திறக்கிறோம். நீங்கள்தான் பேசுகிறீர்கள்!"

பேச விஷயம் வேண்டுமே! கும்பகோணத்திலிருந்த அப்பாவுக்கு எழுதிக் கேட்டேன். பதில் ஒரு கார்டில் வந்தது. "அந்த மனுஷர் வாயால் கெட்டார். நீ வாயை மூடிக்கொண்டு உத்தியோகத்தைப் பார்." எனக்குப் புல்லரித்துவிட்டது. வாயால் கெட்டார் என்றால் என்ன அர்த்தம்? வெள்ளைக்காரனை எதிர்த்துப் பிரசங்கம்தான், வேறென்ன!

லீவு போட்டுவிட்டு அலிப்பூர் கோர்ட்டுக்குப் போனேன். பழைய தஸ்தாவேஜு அறையில் ஒரு குமாஸ்தா இருந்தார். அவர் ஒரு கட்டை எடுப்பார், பத்துத் தும்மல் தும்முவார், அடுத்த கட்டை எடுப்பார். மூன்று நாள் நடையாக நடந்து, இருவருக்கும் ஜலதோஷம் முற்றிய பிறகு ஒரு வரி அகப்பட்டது. 'பஞ்சாபகேசன், மதராஸி. விசாரணையின்போது மாஜிஸ்திரேட்டை நிந்தித்தது. ஏழு நாள் சிறை.'

அதற்குக் கீழே இன்னும் நாலு வரி இருந்தது. "முழுக்கப் படியுங்கள், பாபு" என்று குமாஸ்தா சொல்லவும் சொன்னார். நான் எங்கே படித்தேன்? அதற்குள் டிராமில் ஏறிவிட்டேன்.

தாத்தாவுக்கு போட்டோ கிடையாது. காளிகாட் படக்காரர் ஒருவர், "ஜாடைக்கு யாராவது உட்கார்ந்தால் போதும்" என்றார். நானே உட்கார்ந்தேன். மீசையும் தலைப்பாகையும் அவர் தாராளமாகச் சேர்த்தார். பார்க்க ஜமீன்தார் மாதிரி இருந்தேன். (இருந்தார்.)

இத்தோடு நின்றிருந்தால் பாதகமில்லை. அப்போது எனக்கு ஒரு வரன் கூடியிருந்தது. பெண்ணின் தகப்பனார் ராமசேஷய்யர், சர்க்கார் ஆபீஸில் பெரிய உத்தியோகஸ்தர். வீட்டுக் கூடத்தில் சுவாமி படத்தைவிடச் சக்கரவர்த்தி படம் ஒரு சாண் உயரத்தில் இருக்கும். என் பேச்சுத் திறமையை அவர் பார்க்கட்டும் என்று, என்ன பேசப்போகிறேன் என்பதைச் சொல்லாமல், கூட்டத்துக்கு அவரை நானே போய் அழைத்தேன். இந்த மூளையை வைத்துக்கொண்டு நான் இத்தனை காலம் பிழைத்ததே ஆச்சரியம்.

பூஜை முடிந்து கூட்டம் ஆரம்பித்தது. (வங்காளிகளுக்குச் சரஸ்வதி பூஜை தை மாசத்தில்.) முன்வரிசையில் ராமசேஷய்யர், கோட்டும் குடையுமாக. எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. "கூண்டில் நின்றபடியே அந்த வெள்ளைக்கார மாஜிஸ்திரேட்டைப் பார்த்து எங்கள் தாத்தா விரலை நீட்டினார்!" என்று இங்கிலீஷில் முழங்கி, நானும் விரலை நீட்டினேன். விரல் நேரே ராமசேஷய்யர் மூக்குக்கு எதிரே போய் நின்றது.

அவர் எழுந்தார்.

"நல்ல குடும்பம்னு சொன்னாளேன்னு வந்தேன். சர்க்காருக்கு ஆகாத வம்சம்னா மொதல்லயே சொல்றதில்லையா, ஸ்வாமி?" என்று தமிழில் கேட்டுவிட்டு வாசலுக்கு நடந்தார். என் கல்யாணம் குடையை ஊன்றிக்கொண்டு போவதைப் பார்த்தபடி நின்றேன். கூட்டமோ அவர் பரவசப்பட்டுப் போகிறார் என்று நினைத்துக் கை தட்டியது.

அந்தச் சமயத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் எழுந்தார். அலிப்பூர் கோர்ட்டில் மாஜிஸ்திரேட்டுக்குக் கட்டுகளை எடுத்துவைக்கும் பேஷ்காராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"இது பஞ்சு பாபு இல்லை. பஞ்சு பாபுவுக்கு மீசையே கிடையாது. அவர் கூண்டிலும் நிற்கவில்லை. எங்கள் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர்" என்றார்.

சபை முழுக்க அவர் பக்கம் திரும்பியது. வாசல்படியில் ராமசேஷய்யரும் நின்றார். (அவருக்கு வங்காளி நன்றாகத் தெரியும்.)

"கப்பலில் வேலை பார்த்த மதராஸிக் கலாசி ஒருவன் எவன் தலையிலோ பானையை உடைத்துவிட்டான். 'உடைத்தாயா?' என்று துரை கேட்டார். பஞ்சு பாபு அதைத் தமிழில் கேட்டார். கலாசிக்குக் கோபம். துரையைக் காட்டி என்னவோ கத்தினான். ஒரு வார்த்தை விடாமல் சொல்வதாகச் சத்தியம் செய்தவர் அல்லவா பஞ்சு பாபு? அவரும் அதே மாதிரி விரலை நீட்டி, அதே குரலில், 'அடே பூசணிக்காய்த் தலையா! உன்னை யாரடா நாற்காலியில் உட்கார வைத்தது?' என்று இங்கிலீஷில் கத்தினார்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"துரைக்கு வழுக்கைத் தலை. 'என்ன சொன்னாய்?' என்று எழுந்தார். பஞ்சு பாபு உடனே கலாசியிடம் திரும்பி, 'என்ன சொன்னாய்?' என்று தமிழில் கேட்டார். அவன் 'காதும் செவிடா?' என்றான். அதையும் துரையிடம் சொன்னார். 'மூன்று நாள் ஜெயில்!' என்றார் துரை. தமக்குத்தான் தண்டனை என்று பஞ்சு பாபுவுக்குத் தோன்றவே இல்லை. கலாசியிடம் மூன்று நாள் என்றார். அவன் மகிழ்ந்துபோய், 'அவ்வளவுதானா? பூசணிக்காய் நல்லவன்தான்' என்றான். பஞ்சு பாபு அதையும் மொழிபெயர்த்தார். ஏழு நாள் ஆகிவிட்டது."

"கலாசி?" என்று கேட்டான் ஹரிபதோ.

"சாட்சி வரவில்லை. விடுதலை."

வாசகசாலையின் ஓட்டுக்கூரை பறந்துவிடும் போல ஒரு சிரிப்பு. ஹரிபதோ என் படத்துக்குக் கீழே தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். நான் மேடையில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், கடைசியில் தாத்தா கழுத்து மாலையைச் சரிசெய்வதுபோல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தோளில் குடை தட்டியது. ராமசேஷய்யர்.

"அப்போ உங்க தாத்தா சர்க்கார் உத்தியோகஸ்தரா?"

"ஆமாம், மாமா."

"டியூட்டி பண்ணிண்டிருக்கறச்சேதான் உள்ள போட்டாளா?"

"அப்படித்தான் தெரியறது, மாமா."

"இதையன்னா மொதல்ல சொல்லணும்! விரலை வேற நீட்டறேள்!" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்ததில் வந்த கண்ணீர்தான். "தை போகட்டும், மாசி பொறந்ததும் முகூர்த்தம் பார்த்துடலாம்."

மாசியில் கல்யாணம் நடந்தது. என் முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்கு முன்பே அலமேலுவுக்கு இந்தக் கதை மனப்பாடம். அவள் சொல்லும்போது நான் மேடையிலிருந்து கீழே விழுவதாகவும் வரும். விழவில்லை என்று சொல்லிப் பார்த்தேன், நம்புவார் இல்லை.

போன வாரம் எனக்கும் அவளுக்கும் ஒரு சிறு மனஸ்தாபம். பேச்சுவார்த்தை இல்லை; எங்கள் ஆறு வயதுப் பெண்தான் நடுவில் தூது. சமையலறைக்குப் போய்விட்டு வந்தவள் என் எதிரே நின்று, இடுப்பில் ஒரு கை வைத்து, மறு கையின் விரலை நீட்டி, "வாங்கிண்டு வரச்சொன்னது கத்திரிக்கா, வந்திருக்கறது பாவக்கா. அந்த மனுஷருக்குக் கண்ணு எங்க இருக்கு, பொடரியிலயா?" என்று அதே ராகத்தில் கேட்டாள்.

"ஏழு நாள்!" என்றேன்.

குழந்தை சமையலறைக்கு ஓடிப்போய் அதையும் சொன்னாள்.