செருப்பில் செய்த கேபிள்

எதையாவது சொந்தமாகச் செய்து பார்க்கிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. செய்கிற வேலையிலேயே மூழ்கி, அது எதற்காக என்பதை மறந்துவிடுவார்கள். நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்.

உங்கள் அம்மா இந்தக் கதையைப் பல வருடமாக, வருகிற விருந்தாளிகளிடமெல்லாம், என்னை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே சொல்லிவருகிறாள். ஒவ்வொரு முறையும் கதை கொஞ்சம் வளர்கிறது. கடைசியாகச் சொன்னபோது அதில் ஒரு கலெக்டர் வந்துவிட்டார். கலெக்டர் யாரும் வரவில்லை. அதனால்தான், பிள்ளைகளே, நடந்ததை நானே எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். (எழுதுவதற்கே அலுப்பாக இருக்கிறது. ஆனால் கேட்டுக்கொண்டிருப்பது அதைவிட அலுப்பு.)

அப்போது நான் பந்தலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட் ஃபேக்டரியில் எலக்ட்ரீசியனுக்கு ஹெல்பர். பத்தாவது வரை படித்தவன். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் இருந்தோம்; அவற்றுக்குக் கீழே ஒரு திருப்பம், திருப்பத்தில் குழாய். விடிவதற்கு முன்பே பெண்கள் அங்கேதான் தண்ணீர் பிடிக்கப் போவார்கள். யானைகளுக்கும் அதுதான் வழி. பனிமூட்டத்தில் யானையும் பாறையும் ஒரே நிறம். பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்கா ஒருநாள் பாறை என்று நினைத்து அதன் பக்கத்தில் குடத்தை வைத்தார். பாறை காதை ஆட்டியது. அக்கா தப்பித்துவிட்டார். எவர்சில்வர் குடம் தட்டாகிவிட்டது.

அந்தத் திருப்பத்துக்கு ஒரு விளக்கு வேண்டும் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான், யானைகளைப் பற்றி வேலை செய்யும் ஓர் அமைப்பிலிருந்து ரோஸ்லின் மேடம் வந்தார். எங்கள் பகுதிக்கு ஒரே ஒரு சோலார் விளக்குக் கம்பம் கிடைக்கும். யானை எங்கெங்கே வருகிறது என்று சில வாரம் குறித்து, மேப்பில் போட்டுப் பார்த்து, கம்பத்தை எங்கே நடுவது என்று ஒரு கூட்டத்தில் முடிவு செய்வார்கள். குறிப்பதற்கு ஒரு ஜி.பி.எஸ். கருவி. இருப்பதிலேயே விலை குறைந்த மாடல். சோப்புக்கட்டி அளவில், மஞ்சளாக, கனமாக இருந்தது. கரண்ட் வேலை தெரிந்தவன் என்று அதை என் கையில் கொடுத்தார்கள்.

(போனிலேயே பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பது தெரிகிறது. அப்போது என் போனில் டார்ச் மட்டும்தான் இருந்தது.)

யானை நின்ற இடத்துக்குப் போய், அங்கே நின்று பட்டனை அழுத்தினால்தான் அந்த இடத்தின் எண் பதியும் என்று மேடம் அன்றைக்குச் சொல்லியிருப்பார். சொன்னதாகத்தான் எல்லோரும் சாட்சி சொல்கிறார்கள். நான் அந்த நேரத்தில் கருவியின் பின்பக்கம் இருந்த ரப்பர் மூடியைத் திறந்து, உள்ளே என்ன என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு சின்ன ஊசிகள் இருந்தன. கம்ப்யூட்டரோடு சேர்க்கும் கேபிள் அதில்தான் மாட்டும் என்று புரிந்தது. கேபிள் எங்கே என்று கேட்டேன். முன்பு வேலை பார்த்தவர் ஊருக்குப் போகும்போது பெட்டியோடு கொண்டுபோய்விட்டாராம். வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும், அது கூட்டத்துக்குள் வந்து சேராது, அதனால் திரையில் வரும் எண்களைப் பார்த்து ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், போதும் என்றார் மேடம்.

"எழுதறதெல்லாம் எதுக்குங்க மேடம்? ஒயர்தானே, நானே பண்ணிர்றேன்" என்றேன்.

அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் எடுத்துக்கொள்வேன்.

நம் ஊரில் யானைச் செய்தி எங்கே கிடைக்கும்? மொய்து இக்கா டீக்கடையில். இக்கா கூடலூர்ப் பக்கத்துக்காரர், பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவார். காலையில் அங்கே நின்றால் போதும். ராத்திரி எந்த யானை எந்த வாழையைத் தின்றது, எந்தக் கதவைத் தள்ளியது என்று எல்லாம் வந்து சேரும். நானும் தினமும் போனேன். "பள்ளத்து லைன்ல ரெண்டு" என்று ஒருவர் சொல்வார். நான் கடையின் தகரக் கூரைக்குக் கீழிருந்து வாசலுக்கு வந்து, கருவியை வானத்தைப் பார்த்துப் பிடித்து, பட்டனை அழுத்துவேன். "குழாயடித் திருப்பத்துல கொம்பன்" என்பார் இன்னொருவர். மறுபடியும் வாசல், வானம், பட்டன். கருவி சாட்டிலைட்டோடு பேசுகிறது என்று மேடம் சொன்னது மட்டும் காதில் விழுந்திருந்தது. மேலே இருந்து பார்க்கிற சாட்டிலைட்டுக்கு யானை எங்கே நின்றது என்று தெரியாதா? எவ்வளவு பெரிய ஜீவன்!

அதைப் பற்றி அதற்குமேல் யோசிக்கவில்லை. யோசனை முழுக்கக் கேபிளில் இருந்தது.

கம்ப்யூட்டர் பக்கத்துக்கு வழி கிடைத்துவிட்டது. ஃபேக்டரி ஆபீசில் தூக்கிப்போட்ட பழைய மவுஸ் ஒன்றின் ஒயரில், ஒன்பது துளை உள்ள பிளக் இருந்தது. அதை வெட்டி எடுத்தேன். கருவிப் பக்கம்தான் உயிரை வாங்கியது. அந்தக் குழிக்குள் போகிற மாதிரி ஒரு பிளக் எந்தக் கடையிலும் இல்லை. முதலில் மெழுகில் வார்த்தேன். பொடிந்தது. அளவு பார்ப்பதற்காகக் கேரட்டில் செதுக்கினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்க மறுநாள் கொண்டுபோனபோது அது காய்ந்து சுருங்கி, குழிக்குள் ஆடியது. கடைசியில் ஹவாய் செருப்பின் அடிப்பாகத்தில் செதுக்கினேன். உங்கள் அம்மாவின் புதுச் செருப்பு. இடது கால். "ஏன் உங்க செருப்பை வெட்டலை?" என்று இன்றுவரை கேட்கிறாள். என்னுடையது தேய்ந்து மெலிந்திருந்தது. பிளக்குக்குக் கனம் வேண்டும். இந்தப் பதிலை அவள் ஏற்றுக்கொண்டதில்லை.

ஒயர் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைச் சூடாக்கியபோதெல்லாம் லைன் வீடுகள் முழுக்க ஃபியூஸ் போனது. அது சீரியல் நேரம். எலக்ட்ரீசியன் ஹெல்பர் வீட்டாலேயே கரண்ட் போகிறது என்று செல்லம்மா அக்கா வாசலில் நின்று பேசியதை இங்கே எழுத முடியாது. விளக்கு வரட்டும் அக்கா, உங்களுக்காகத்தானே என்றேன். சரி, அதற்கு முன்னால் வீட்டு விளக்கை எரியவிடு என்றார்.

அப்படிச் செய்து முடித்த கேபிளும் வேலை செய்யவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் மாட்டுவேன், ஒன்றும் வராது, பட்டினியோடு கழற்றுவேன். பல நாள் கழித்துத்தான் காரணம் புரிந்தது. கருவி பேசுகிற ஒயர் கம்ப்யூட்டர் கேட்கிற ஒயரோடு சேர வேண்டும். இருவர் பேச வேண்டுமானால் ஒருவர் வாய்க்கு எதிரே இன்னொருவர் காது இருக்க வேண்டும் அல்லவா? நான் வாய்க்கு எதிரே வாயையும் காதுக்கு எதிரே காதையும் வைத்திருந்தேன்.

கூட்டத்துக்கு முந்தின நாள் ஒயர்களை மாற்றிப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் அம்மா கருவியை எடுத்துத் திரையைப் பார்த்தாள்.

"ஏங்க, எல்லாத்துலயும் ஒரே நம்பரா இருக்கே?"

"ஊர் ஒண்ணுதானே, அப்படித்தான் இருக்கும். பின்கோடு மாதிரி" என்றேன், நிமிர்ந்து பார்க்காமல்.

"கடைசி நம்பர்கூட மாறலைங்க."

"ஒயரைப் பிடி, ஆடாம."

பிடித்தாள். அவ்வளவுதான். உலகத்தில் ஒரே ஒரு ஆள் சரியாகப் பார்த்துச் சொன்னபோது, அவளை ஒயர் பிடிக்கச் சொன்னவன் நான்.

கூட்டம் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில். விளக்கை ஒதுக்கும் அதிகாரி ஒருவர் வந்திருந்தார் (கலெக்டர் இல்லை, மறுபடியும் சொல்கிறேன்). ரோஸ்லின் மேடம், பின்பக்கம் ஒன்பது ஊசி உள்ள பழைய தடித்த லேப்டாப்பைத் தேடிக் கொண்டுவந்திருந்தார். சுவரில் வெள்ளைத் துணி கட்டி, அதில் மேப் விழுந்தது. லைன் பெண்கள் எல்லோரும் முன்வரிசையில். செல்லம்மா அக்கா மடியில் அந்தத் தட்டுக் குடம், சாட்சிக்கு. டீக்கடையை மூடிவிட்டு மொய்து இக்காகூட வந்திருந்தார்.

நான் கேபிளை மாட்டினேன். நீலச் செருப்பு ரப்பர் குழிக்குள் போய் உட்கார்ந்தது. மேடம் எதையோ அழுத்தினார். திரையின் மூலையில் ஒரு பச்சைக் கோடு மெல்ல நீண்டது.

"வருது மேடம், வருது" என்று கத்திவிட்டேன். வாழ்க்கையில் நான் செய்த எதுவும் அவ்வளவு சரியாக வேலை செய்ததில்லை.

மேப்பில் புள்ளிகள் வந்தன. எல்லாம் ஒரே இடத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக. மேடம் மேப்பைப் பெரிதாக்கினார். புள்ளிகள் பிரியவில்லை. இன்னும் பெரிதாக்கினார். கொத்தாக, ஈ மொய்த்த வெல்லம் மாதிரி இருந்தன. குழாயடித் திருப்பம் துணியின் இன்னொரு ஓரத்தில் வெறுமையாகக் கிடந்தது.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இந்த இடத்துல என்ன இருக்கு?"

பின்வரிசையிலிருந்து மொய்து இக்கா தயங்கி எழுந்தார். "அது எண்டெ கடையாணு சாரே."

"அத்தனை யானையும் உங்க கடைக்கா வந்துச்சு? எதுக்கு?"

இக்கா என்னைப் பார்த்தார். நான் கேபிளைப் பார்த்தேன். செல்லம்மா அக்காதான் பதில் சொன்னார்.

"டீ குடிக்கத்தாங்க வரும். குளிருதில்லைங்க."

முதலில் சிரித்தது மேடம். அப்புறம் பள்ளிக்கூடமே சிரித்தது. நான் வாசலில் நின்று வானத்தைப் பார்த்து அழுத்தியதை இக்கா நடித்துக் காட்டினார். சிரிப்பு அடங்கியபோது எல்லோருக்கும் விஷயம் உறைத்தது. திருப்பத்தில் யானை வந்ததற்கு மேப்பில் ஒரு புள்ளிகூட இல்லை. அக்கா குடத்தைத் தூக்கிக் காட்டினார். அதிகாரி அதை மரியாதையாகப் பார்த்தார். ஆனால் இந்த முறை கம்பம் மேப்பின்படிதான் என்று சொல்லிவிட்டார். மாற்ற வேண்டுமென்றால் புதிதாகக் குறித்துக் கொடுங்கள், அடுத்த முறை பார்க்கலாம். மேடம் எவ்வளவோ பேசிப் பார்த்தார். நடக்கவில்லை.

கம்பம் டீக்கடை வாசலில் நடப்பட்டது. நான் நின்று அழுத்திய அதே இடத்தில், ஓரடி பிசகாமல். கேபிள் அவ்வளவு சுத்தமான வேலை. இக்கா அன்று எனக்கு இலவசமாக ஒரு பழம்பொரி (வாழைப்பழ பஜ்ஜிதான்) கொடுத்தார். அதை முழுங்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் செல்லம்மா அக்கா. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"தம்பி, விளக்கு வர்ற வரைக்கும் நீ வந்து நில்லு" என்றார். "உன் போன்ல டார்ச் இருக்குல்ல?"

நின்றேன். விடியுமுன் எழுந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, திருப்பத்தில் டார்ச்சைப் பிடித்து நின்றேன். கடைசிக் குடம் மேலே ஏறும்வரை அசையக் கூடாது. மழைக்கும் லீவு இல்லை. பகலில், செய்தி சொன்ன ஆட்களையே கூட்டிக்கொண்டு, யானை நின்ற ஒவ்வோர் இடத்துக்கும் ஏறி இறங்கிப் பட்டனை அழுத்தினேன். அட்டை கடித்த கால்களோடு திரும்பி வந்தால், வீட்டில் ஒற்றைச் செருப்பு எனக்காகக் காத்துக்கொண்டிருக்கும். அடுத்த முறை திருப்பத்துக்கு விளக்கு வந்துவிட்டது. அந்தப் புள்ளிகளும் இதே கேபிளில்தான் இறங்கின. அதை மட்டும் உங்கள் அம்மா விருந்தாளிகளிடம் சொல்வதில்லை.

மற்றபடி அவள் சொல்வதெல்லாம் ஏறக்குறைய உண்மை. இந்த வீட்டில் யார் எந்தச் செய்தி கொண்டுவந்தாலும், "நேர்ல பார்த்ததா, டீக்கடையில மார்க் பண்ணதா?" என்று கேட்கிறீர்களே, அது இப்படித்தான் வந்தது.

தொடர்ந்து மழை பெய்து வெயிலே இல்லாவிட்டால் திருப்பத்துச் சோலார் விளக்கு விடியும்வரை தாங்காது. இன்று அப்படித்தான். இன்னும் சரியாக விடியவில்லை. கீழே திருப்பத்திலிருந்து செல்லம்மா அக்காவின் குரல் கேட்கிறது. விளக்கைக் கூப்பிடவில்லை. என்னைத்தான் கூப்பிடுகிறார். உங்கள் அம்மா எழுந்து பார்க்கவுமில்லை, போர்வைக்குள் இருந்தே டார்ச்சை நீட்டுகிறாள். போய் நின்றுவிட்டு வருகிறேன்.