எஞ்சினை மினுக்கியது

எஞ்சினைப் பிரித்த அன்று கொட்டாஞ்சேனை கராஜில் இருந்தவர்கள் மூன்று பேர்: அப்பா, மெக்கானிக் சிறில் பாஸ், நான். அம்மா இல்லை. செவ்வாய்க்கிழமை என்பதால் கோயிலுக்குப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் என் கையில் எவரும் இரும்பு உரசும் கிரைண்டரைத் தந்திருக்கமாட்டார்கள் என்பது எங்கள் வீட்டில் இன்றுவரை நிலவும் அபிப்பிராயம்.

அது யுத்தகாலம். புறக்கோட்டையில் வெங்காய மூட்டை ஏற்றி வெள்ளவத்தைக் கடைகளில் இறக்குவதுதான் அப்பாவின் பிழைப்பு. அந்தப் பழைய டீசல் பிக்கப் ஓடினால்தான் வீட்டில் அடுப்பெரியும். அது கறுப்புப் புகை கக்கத் தொடங்கியபோது, வேறு எஞ்சின் வாங்க வசதியில்லாமல் இருப்பதையே பிரித்துத் திருத்த முடிவாயிற்று.

பிஸ்டன், வால்வு எல்லாம் பாஸின் பொறுப்பு. எங்கள் பரம்பரையில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் முடித்தவன் நான் (அங்கே எஞ்சின் படிப்பிக்கிறார்களா என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை). எனக்குக் கிடைத்தது துப்புரவு வேலை. எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டினேன், துருவை உரசினேன். பக்கவாட்டில் ஓரிடத்தில் சில எழுத்துகளும் இலக்கங்களும் தெரிந்தன. முன்பு திருத்திய யாரோ தன் அடையாளத்துக்குக் கீறியது என்று முடிவுகட்டி, அதையும் கிரைண்டரால் வழித்து, மேலே வெள்ளிப் பெயின்ற் அடித்தேன்.

"ஷோக் மல்லி, புது எஞ்சின் மாதிரி," என்றார் பாஸ். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

"படிச்ச பிள்ளையின்ர வேலை, பாஸ்," என்றார் அப்பா.

பிக்கப் முனகாமல் ஓடியது. சில நாளில், நானும் அப்பாவும் வெங்காயம் ஏற்றிப் போகையில், வெள்ளவத்தைச் சோதனைச் சாவடியில் பொலிஸ் சார்ஜன் பொனட்டைத் திறக்கச் சொன்னார். வாகனப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்து தேடினார்.

"நம்பர் எக கோ?"

"எஞ்சின் நம்பர் எங்கையாம். காட்டு மகன், நீதானே துடைச்சனி," என்றார் அப்பா.

குனிந்து பார்த்தேன். அந்த இடம் வழுவழுவென்று இருந்தது. நான் வழித்தது என்ன என்று அப்போதுதான் விளங்கியது. என் முகத்தைப் பார்த்த அப்பாவுக்கும் விளங்கிவிட்டது.

"வாயைத் திறவாதை," என்றார் மெல்ல.

ஆனால் உத்தியோகத்தரிடம் உண்மையை முழுமையாகச் சொல்லவேண்டும் என்று நம்பிய வயது எனக்கு. "சேர், நான்தான் அழித்தேன்," என்றேன் எனக்குத் தெரிந்த சிங்களத்தில். நம்பமாட்டாரோ என்று, கையால் உரசியும் காட்டினேன்.

ஏன் அழித்தாய் என்று கேட்டார்.

"லஸ்ஸனட்ட," என்றேன். அழகுக்காக.

எஞ்சின் நம்பர் அழித்த வாகனம், உள்ளே இரண்டு தமிழர். அந்தக் காலத்தில் அதற்கு அழகு என்று யாரும் பொருள் கொள்வதில்லை. வெங்காயத்தை மூட்டை மூட்டையாகக் கொட்டிப் பார்த்தார்கள். பிறகு எங்கள் இருவரையும் பொலிஸ் கூண்டில் வைத்தார்கள்.

உள்ளே அப்பா ஒன்றுதான் கேட்டார்: "உண்மையைச் சொன்னது சரி. கையாலை ஏன்ரா செய்து காட்டினனி?"

மறுநாள் சிறில் பாஸ் வந்து, அந்த அழகைத் தானும் மெச்சியதாக வாக்குமூலம் கொடுத்தார். நாங்கள் வெளியே வந்தோம், பிக்கப் வரவில்லை. நம்பர் உள்ள எஞ்சின் பூட்டினால்தான் விடுவோம் என்றார்கள். அது கிடைக்கும்வரை அப்பா புறக்கோட்டையில் அடுத்தவன் லொறிக்கு மூட்டை சுமந்தார். பின்னேரங்களில் அவர் முதுகுக்குத் தைலம் தேய்க்க உட்காருவேன்.

"மெல்ல, மகன்," என்பார். "தோலை விடு."

இப்போதும் நான் எதையாவது துடைக்கத் துணி எடுத்தால், வீட்டில் யாராவது "லஸ்ஸனட்ட" என்பார்கள். திருத்திய செலவு, சட்டத்தரணி, வேறு எஞ்சின் எல்லாம் கூட்டி, பழையதை இரும்பு விலைக்கு நிறுத்து விற்றதைக் கழித்தால், அந்த அழகின் விலை இருபத்தேழாயிரத்து அறுநூறு ரூபா.