கோழிக்கூட்டுக்கு நாற்பத்து மூன்று பச்சைப் புள்ளிகள்

பேரன்புமிக்க அக்கா வெர்னாவுக்கு,

ஆல்டர்போர்ட்டிலிருந்து உன் தம்பி ஆர்வில் டீச்சவுட் எழுதிக்கொள்வது. இங்கே நானும் நாடினும் நலம். அரிசோனா வெயில் உன் முழங்காலுக்கு ஒத்துக்கொண்டது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய், படித்து மகிழ்ந்தோம். கோழிகள் பதினொன்றும் நலமே. நீ வந்தால் படுக்கும் அறையில்தான் அவை இப்போது குடியிருக்கின்றன. ஏன் என்று சொல்லவே இந்தக் கடிதம். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்துகொள்.

மார்ச் மாதம் தீயணைப்பு நிலையக் கூடத்தில், ‘நமது பழைய கால்வாய் வட்டாரத்தைக் காப்பதும் வளர்ப்பதும்’ என்று ஊர்க்கூட்டம் போட்டார்கள். நாற்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவனுக்குக் கால்வாயோடு என்ன வேலை? தீயணைப்புப் படைத் தலைவன் டுவைட் ஸ்னூக், உன் வகுப்பில் பின்பெஞ்சில் தூங்குவானே அவன்தான், திராட்சை வைத்துச் சுட்ட பலகாரம் உண்டு என்று சொன்னான். போனேன். சுவர் முழுக்க ஊர் வரைபடம். நகரத்திலிருந்து மிஸ் ஹால்சி என்று ஒரு திட்ட நிபுணர் வந்திருந்தார். ஒல்லியான பெண், பெரிய பூட்ஸ், ஓயாத சிரிப்பு. ஆளுக்கு ஒரு தாள் நிறைய வட்ட ஸ்டிக்கர் கொடுத்தார். காப்பாற்ற வேண்டிய இடத்தில் பச்சை ஒட்ட வேண்டும், வேண்டாததில் சிவப்பு ஒட்ட வேண்டும். என் ஒரு கையில் பலகாரத் தட்டு, மறு கையில் காப்பி, ஸ்டிக்கரை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்கையில் ஒட்டிக்கொண்டேன். முள்கரண்டி கீழே விழுந்தது, எடுக்கக் குனிந்தவன் தடுமாறிச் சுவரில் சாய்ந்தேன். நிமிர்ந்து பார்த்தால் முழங்கையிலிருந்த பச்சைப் புள்ளி வரைபடத்தில், நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கோழிக்கூட்டின் மேல் கச்சிதமாக ஒட்டியிருக்கிறது. உரித்துவிடலாம் என்று தட்டைக் கீழே வைக்க இடம் தேடுவதற்குள் எனக்குப் பின்னால் வந்தவர், ‘ஓ, இங்க ஏதோ இருக்குபோல’ என்று தன்னுடையதையும் அங்கேயே ஒட்டினார். அவருக்குப் பின்னால் வந்தவரும் ஒட்டினார். ஊர் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியாதா? கடைசியில் எண்ணினார்கள், நாற்பத்து மூன்று.

நிஜமான கால்வாய் மதகுத்தொட்டிக்கு எத்தனை விழுந்தது தெரியுமா? ஒன்றுகூட இல்லை. அந்தக் காலத்தில் படகுகளை மேலே ஏற்றவும் கீழே இறக்கவும் கட்டிய கல்தொட்டி, அதே தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால்தானே கிடக்கிறது! ஆனால் எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று விளக்கும் பெட்டியைச் சரியாக அதன் மேலேயே அச்சடித்துவிட்டார்கள்.

மறுவாரம் மிஸ் ஹால்சி அளவு நாடாவோடு வந்து நின்றார். கூட்டின் சுவரைத் தடவிப் பார்த்தவர் ஒரு கல்லின்மேல் இருந்த உளிக் குறியைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“மிஸ்டர் டீச்சவுட், இது இருநூறு வருஷத்துக் கல். மதகைத் திறந்து மூடின மதகுக்காரர் வீடு இது!”

“இல்லம்மா, இது கோழிக்கூடு. எங்க அத்தான் கிளேட்டன் கட்டினது. எழுபத்தெட்டுல. கல்லு மட்டும் மதகுலேர்ந்து சரிஞ்சு கெடந்தது, டிராக்டர்ல இழுத்துட்டு வந்தோம்.”

“வாய்மொழி மரபு,” என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

“மரபெல்லாம் இல்லம்மா, நான்தான் சிமெண்டு கொழைச்சேன்.”

“குடும்பத்துக்குள்ளயே பழுதுபாத்து வந்திருக்காங்க,” என்று அதையும் எழுதினார்.

வாசல் இடுப்பளவுதான் இருக்கிறதே, அதைப் பார்த்தாலாவது புரியட்டும் என்று காட்டினேன். அந்தக் காலத்து மனிதர்கள் உயரம் குறைவு என்று பதில் வந்தது. கோழிகள் உட்காரும் குறுக்குக் கம்பு, படகுக் கயிறு தொங்கவிடும் கொடியாகிவிட்டது. நாடின் சமையலறை ஜன்னலிலிருந்து கத்தினாள்: “ஆர்வில், அந்தப் பொண்ணுகிட்ட உள்ள எச்சம் எவ்வளவு கெடக்குன்னு காட்டு, தானா ஓடிடும்!” காட்டினேன். அதிலிருந்து ஒரு சிட்டிகையைச் சின்னப் பையில் போட்டுக்கொண்டு போனார். மூன்றாம் நாள் ஒரு கடிதம் வந்தது. ஆய்வு முடியும்வரை அந்தக் கட்டடத்தில் ஆணி அடிக்கக் கூடாதாம், ஓடு மாற்றக் கூடாதாம், விலங்குகளைக் குடிவைக்கக் கூடாதாம். அதனால்தான் கோழிகள் உன் அறைக்கு வந்தன. வெள்ளைச் சேவல் உன் தலையணையில்தான் தூங்குகிறது, வேறு எங்கே விட்டாலும் ஒரே ரகளை.

இதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன், அக்கா. ஏப்ரலில் இரண்டாம் கூட்டம். டுவைட் ஒரு கம்பை வைத்துக்கொண்டு படத்தில் தட்டித் தட்டிப் பேசினான். மதகுக்காரர் வீட்டைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்களாம், வண்டி நிறுத்த இடம் வேண்டுமாம், ஆகவே நிலையத்துக்குப் பின்னால் வீணாய்க் கிடக்கும் பள்ளத்தை மண் போட்டுத் தார் பூசிவிடலாமாம். பான்கேக் விருந்தன்று நமக்கும் உதவும் என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்தேன்.

“டுவைட், அந்தப் பள்ளந்தான்டா மதகுத்தொட்டி! நெசத்தை மூடிட்டு என் கோழிக்கூட்டைக் காட்டப் போறீங்களா?”

“உக்காருப்பா ஆர்வில். உனக்கு நாப்பத்து மூணு விழுந்திருக்கு, அதுக்கு என்ன விழுந்துச்சு? ஜனங்க சொல்லிட்டாங்க.”

“ஜனங்க என் முழங்கையைப் பாத்து ஒட்டினாங்கடா!”

சிரித்தார்கள். மிஸ் ஹால்சி மட்டும் சிரிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து நாடினிடம் சொன்னபோது கோழிகளுக்காகக் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவளோ கம்பளிக் கையுறையை எடுத்து மேசைமேல் போட்டாள். “காலைல வா. பள்ளம் பள்ளம்ங்கிறாங்களே, உள்ள என்ன இருக்குன்னு காட்டிட்டா வாயை மூடுவாங்க.”

நான்கு நாள் வெட்டினோம். காஞ்சொறிச் செடி கழுத்துவரை. உள்ளேயிருந்து ஒரு சலவை இயந்திரம், இரண்டு தபால் பெட்டிகள், டுவைட் தொலைந்துபோனதாகச் சொன்ன தீயணைப்பு ஏணி எல்லாம் வந்தன. முதல் நாள் மேலே நின்று வேடிக்கை பார்த்தவர்கள் மூன்றாம் நாள் இறங்கிவந்து இழுத்தார்கள். கல் வரிசை ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஒரு மூலைக் கல்லில் விரல் பருமனுக்குப் பள்ளம் பள்ளமாய்க் கோடுகள். படகுக் கயிறு இழுபட்டு இழுபட்டுக் கல்லையே தின்றிருக்கிறது. கையுறையைக் கழற்றிவிட்டு விரலை அதில் வைத்தேன். எத்தனை பேர் இழுத்த கயிறோ! வழவழவென்று, குழந்தை கன்னம் மாதிரி இருந்தது. நாற்பது வருடம் தினம் இரண்டு முறை இதைத் தாண்டிப் பேருந்து ஓட்டியிருக்கிறேன். ஒருநாள் நிறுத்திப் பார்த்ததில்லையே என்று கண்ணைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டேன். நாடின் பார்த்துவிட்டு, “வேர்வையா?” என்றாள். “ஆமாம்” என்றேன்.

வருகிற வியாழக்கிழமை கடைசி வாக்கெடுப்பு. டுவைட் இன்னும் விடவில்லை, ‘நிபுணரே வீடுதான் முக்கியம்னு எழுதிட்டாங்க’ என்கிறான். ஆகவே அக்கா, உன்னால் ஒரு உதவி. உன் பியானோ மேல் ஒரு படம் வைத்திருக்கிறாயே, அத்தான் கிளேட்டன் பாதி கட்டிய கூட்டின் மேல் கொத்துக்கரண்டியோடு உட்கார்ந்து பல்லைக் காட்டுவது, காலடியில் நான் சிமெண்டு குழைப்பது, அந்தப் படத்தைப் பின்னால் தேதியும் உன் கையெழுத்தும் போட்டு உடனே அனுப்பு. அது கோழிக்கூடு என்று ஊர் அறியட்டும். பொய்க்குப் பலகை வைத்து, நிஜத்தின் மேல் தார் ஊற்ற விடமாட்டேன். அத்தான் இருந்திருந்தால் அவரும் இதையே சொல்லியிருப்பார்.

உன் முழங்காலுக்கு எங்கள் வேண்டுதல். நாடின் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். உன் வீட்டில் கள்ளிச்செடி முதல் எல்லோருக்கும் எங்கள் அன்பு.

உன் பிரியமுள்ள தம்பி,
ஆர்வில்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போட மறந்து சட்டைப்பையிலேயே வைத்திருந்திருக்கிறேன். இப்போது வியாழக்கிழமைக் கூட்டம் முடிந்து வந்து எழுதுகிறேன். மிஸ் ஹால்சி எழுந்து சொன்னார்: தனி மதகுத்தொட்டிகள் இந்த வட்டாரத்தில் நிறைய இருக்கின்றன, அவற்றைக் காக்கச் சொல்லிக் கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் தொட்டியும் அதன் காவல்காரர் வீடும் ஜோடியாக நிற்பது இங்கே மட்டும்தான். ஆகவே இரண்டில் எதையும் தொடக் கூடாது, ஒரு கூடை மண்கூடக் கொட்டக் கூடாது. “யாருக்காவது மறுப்பு உண்டா?” என்று கேட்டார்கள். கூடம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் எழுந்து, எங்கள் கொள்ளுத்தாத்தா அந்த வீட்டைப் பற்றி அடிக்கடி பேசுவார் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நாடின் என் காலை மிதித்தாள். பாராட்டுத்தான்.

வெளியே வரும்போது மிஸ் ஹால்சி என் கையில் ஒரு காகிதப் பொட்டலம் திணித்தார். உள்ளே நசுங்கிய பியர் டப்பா. ‘கவுண்டிச் சந்தை 1978’ என்று அச்சடித்திருந்தது. “வந்த முதல் நாளே சுவருக்குள்ளேர்ந்து எடுத்தேன், மிஸ்டர் டீச்சவுட். நான் பாக்கல. நீங்களும் பாக்கல,” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே அக்கா, படத்தை அனுப்பாதே. அடுப்பில் போடு. யாராவது தொலைபேசியில் கேட்டால், அத்தானுக்கு முதுகுவலி, வாழ்நாளில் ஒரு செங்கல்கூடத் தூக்கியதில்லை என்று சொல்லிவிடு.