அம்மன் சாயாதிருக்க நான் ஒருக்களித்துப் படுத்த கதை

திருவொற்றியூர் குப்பம்,
தை மாதக் கடைசி, 2004.

போர்ட் பிளேயரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் அன்பு மைத்துனன் தேசப்பனுக்கு, உன் அக்காள் புருஷன் பொன்னுரங்கம் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காள் கன்னியம்மாளும் அம்மன் தயவில் சுகம். அங்கே நீயும் உன் பெண்சாதி பிள்ளைகளும் எங்களைவிட ஒரு பிடி அதிகமாகவே சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறோம். மாசி மகத்துக்கு லீவு போட்டுக் கப்பல் ஏறி வரவேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். ஏன் வரவேண்டும் என்பதை விவரமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படிக்கவும்.

ஐப்பசியில் நான் காசிமேட்டில் விசைப்படகிலிருந்து கரைக்குத் தாவும்போது வழுக்கி, இடது இடுப்பு அடிபட விழுந்தது உனக்குத் தெரியும். படம் பிடித்துப் பார்த்த டாக்டர் எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, சதைதான் சோர்ந்திருக்கிறது என்றார். நானும் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். நடக்கும்போதுதான் சங்கதி புரிந்தது. இடது காலை ஊன்றும்போதெல்லாம் உடம்பு அந்தப் பக்கமே சாய்ந்து எழுந்தது. சும்மா தெருவில் நடக்கிறவனுக்கு அது பரவாயில்லை, பல்லக்கு தூக்குகிறவனுக்கு ஆகுமா? கார்த்திகை ஊர்வலத்தில் வழக்கம்போல் முன் தண்டின் இடது பக்கத்துக்குத் தோள் கொடுத்தேன். நான் அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் அம்மன் இடது பக்கம் சாய்ந்து சாய்ந்து வந்தாள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள் அம்மன் தங்களைப் பார்த்துத் தலையசைக்கிறாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், வலது பக்கத்துக்காரர்களோ எங்களை மட்டும் ஏன் பார்க்கவில்லை என்று பூசாரியிடம் சண்டைக்கு வந்துவிட்டார்கள், தெரு முனையில் மாலை சரிந்து பூசாரியின் தலையில் விழுந்தது.

மறுநாள் ஊர்த் தலைவர் அப்பாவு எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் நெடுநேரம் மீன் விலையையே பேசிக்கொண்டிருந்தார். போகிறபோது வாசலில் நின்றுதான் விஷயத்தைச் சொன்னார்.

“ரங்கா, மனசுல வெச்சிக்காத. மாசி மகத்துக்கு நீ பின்னால கொடை புட்ச்சிகினு வா. தண்டுக்கு வேற ஆளு பாத்துக்கலாம்.”

குடை பிடிப்பதும் அம்மன் வேலைதான், தெரியும். ஆனால் தேசப்பா, நான் முன் தண்டில் இருந்தால்தான் உன் அக்காள் கற்பூரத் தட்டோடு என் பக்கத்திலேயே நடந்து வருவாள். கல்யாணமான வருஷத்திலிருந்து அப்படித்தான். வருஷம் முழுக்க நான் கடலில், அவள் மார்க்கெட்டில். இரண்டு பேரும் சேர்ந்து நடக்கிற தூரமே அந்தக் கோயிலிலிருந்து கடற்கரை வரைக்கும்தான். குடைக்காரன் பின்னால் வரவேண்டும். அப்பாவு போனபிறகு அவள் கற்பூரத் தட்டை எடுத்துத் துலக்க ஆரம்பித்தாள். மாசி மகத்துக்கு இன்னும் எத்தனையோ நாள் இருந்தது.

டாக்டர் சொன்னபடி டோல்கேட்டில் பிசியோதெரபி பார்க்கும் சௌமியா என்கிற பெண்ணிடம் போனேன். சின்னப் பெண், ஆனால் குரல் மட்டும் ஏலம் விடுகிறவள் குரல். வலது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து இடது காலை நேராக மேலே தூக்கி இறக்கச் சொன்னாள். இவ்வளவுதானா என்று வந்துவிட்டேன். வீட்டில்தான் சிக்கல். வடக்கே தலை வைக்கக்கூடாது, கிழக்கு மேற்காகப் படுத்தால் வாசலை அடைத்துக்கொள்கிறேன் என்று உன் அக்காள் தாண்டித் தாண்டிப் போய்த் திட்டுகிறாள், தெற்கே தலை வைத்து வலது பக்கம் படுத்தால் முகம் கிழக்குச் சுவரைப் பார்க்கிறது, டிவியோ மேற்குச் சுவரோரம். சுண்ணாம்பு உதிர்ந்த சுவரை எவ்வளவு நேரம் பார்க்க முடியும்? நான் என்ன செய்தேன், காலை அதன்பாட்டுக்குத் தூக்கிக்கொண்டே மெல்ல மல்லாந்து திரும்பி சீரியல் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் எங்கேயோ மேலே போனது. எனக்கே பெருமையாக இருந்தது. உன் அக்காள்தான் ஒரு நாள் வாசல்படியில் நின்று பார்த்துவிட்டு, “இன்னாய்யா, கால தூக்க சொன்னா ஒடம்ப திருப்பினு கீற” என்றாள். உனக்கு இதெல்லாம் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

மார்கழி முழுக்க அப்படியே செய்தேன். தொடையின் முன்பக்கம் தேங்காய் மாதிரி ஆனதே தவிர நடை மாறவில்லை. கோபமாக சௌமியாவிடம் போய், உன் வைத்தியம் பலிக்கவில்லை என்றேன். அவள் கோபித்துக்கொள்ளாமல் அங்கேயே படுத்துத் தூக்கிக் காட்டச் சொன்னாள். காட்டினேன். என் கையை எடுத்து இடுப்பின் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்து, ஏதாவது இறுகுகிறதா என்று கேட்டாள். பஞ்சு மூட்டை மாதிரி கிடந்தது. பிறகு பேண்ட் பாக்கெட் இருக்கும் இடத்தில் வைத்தாள். அங்கே கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது. அடுத்து என் இடுப்பை முன்பக்கம் நான்கு விரல் உருட்டிவிட்டு, காலை லேசாகப் பின்னால் இழுத்து, பாத விரல் கூரையைப் பார்க்காமல் முன்னால் பார்க்கும்படி திருப்பிவிட்டு, இப்போது தூக்குங்கள் என்றாள். தேசப்பா, அதே கால்தான். நனைந்த வலை மாதிரி கனத்தது. ஒரு சாண் எழும்புவதற்குள் உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது.

“அங்கிள், கால் எவ்ளோ ஒசரம் போவுதுன்றது முக்கியமில்ல. எந்த சதை தூக்குதுன்றதுதான் முக்கியம். நீங்க மல்லாந்துட்டா முன்னாடி சதை வேலைய எடுத்துக்கும், இடுப்பு சதை தூங்கிடும்.”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. படகில் வலை இழுக்கும்போது ஒருத்தன் சும்மா கையை வைத்துக்கொண்டிருப்பான், பக்கத்தில் இருப்பவன் அவனுக்கும் சேர்த்து இழுப்பான். வலை மேலே வந்துவிடும், சோம்பேறியின் கை அப்படியே இருக்கும். ஒரு மாதமாக என் இடுப்பு அந்த மாதிரி ஏமாற்றியிருக்கிறது. மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும்படி அவள் கொடுத்திருந்த இன்னொரு பயிற்சியிலும் இதே கதைதான். குதிகாலைத் தூரத்தில் வைத்துக்கொண்டு தூக்கினேன், பின்தொடை பிடித்துக்கொண்டு நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. குதிகாலைக் கிட்டே இழுத்து வைத்தபிறகுதான் வேலை பிட்டத்துக்குப் போனது.

திரும்பவும் மல்லாந்துவிடாமல் இருக்க சௌமியா ஒரு வழி சொன்னாள். சுவரில் முதுகும் பிட்டமும் ஒட்டப் படுத்து, குதிகாலைச் சுவரிலேயே தேய்த்தபடி மேலே ஏற்ற வேண்டும். அதற்கு மேற்குச் சுவர்தான் தோதாக இருந்தது. ஆக டிவிக்கு நேர் கீழே படுத்துக்கொண்டு, யார் அழுகிறார்கள் என்பதைக் குரலை வைத்துக் கண்டுபிடித்துக்கொண்டு காலைத் தூக்கினேன். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ரஷீது பாய் வீடு. சாயங்காலமானால் சுவரில் ஏதோ பிராண்டுகிறது என்று அவர் எலிப்பொறி வைத்தார், மசால் வடை வைத்தார், அப்படியும் எலி அகப்படாமல் ஒரு நாள் கையில் கழியோடு எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார். வந்தவர் என்னைப் பார்த்துவிட்டுக் கழியைக் கீழே வைத்து, “இத்தான் அந்த எலியா” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்து டீ குடித்தார். அன்றிலிருந்து நான் ஆரம்பித்தால் அந்தப் பக்கமிருந்து சுவரை ஒரு தட்டு தட்டுவார். நிறுத்தினால் ஏன் நிறுத்தினேன் என்று அதற்கும் தட்டுவார்.

தை பிறந்ததும் நடையில் சாய்வு குறைய ஆரம்பித்தது. நான் கவனிக்கவில்லை, உன் அக்காள்தான் பின்னால் நடந்துவந்து பார்த்துவிட்டுச் சொன்னாள். போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவுவிடம் போய் என்னைச் சோதித்துப் பார்க்கச் சொன்னேன். ஏலக்கூடத்தில் ஒரு மூங்கிலில் ஐஸ் பெட்டியைக் கட்டி, அதன் மேல் தளும்பத் தளும்பத் தண்ணீர்க் குடத்தை வைத்து, முன்னால் நானும் பின்னால் இன்னொருவருமாகத் தூக்கிக்கொண்டு கரை வரை நடந்தோம். குப்பமே வேடிக்கை பார்த்தது. உன் அக்காள் மட்டும் பார்க்காமல் மீன் அலசுகிற மாதிரி குனிந்துகொண்டாள். கரையில் இறக்கினோம். அப்பாவு குடத்தைப் பார்த்தார், பெட்டியின் இடது பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தார், கை நனையவில்லை.

“சர்தாம்பா. முன் தண்டு உன்துதான்.”

உன் அக்காள் அலசின மீனையே மறுபடி அலசிக்கொண்டிருந்தாள்.

ஆகவே தேசப்பா, மாசி மகத்தன்று நான் முன் தண்டுக்குத் தோள் கொடுத்து வருவதை நீ நேரில் பார்க்க வேண்டும். உன் பெண்சாதிக்கு என் விசாரிப்பைச் சொல்லவும். குழந்தைகளுக்கு அத்தை முத்தம் அனுப்பியிருக்கிறாள், பங்கிட்டுக் கொடுக்கவும். எல்லோரும் நோய் நொடியில்லாமல் நீடூழி வாழ அம்மன் துணையிருப்பாளாக.

இப்படிக்கு,
உன் மாமா,
பொன்னுரங்கம்.

பின் குறிப்பு: கவரை ஒட்டப்போன நேரத்தில் அப்பாவு வந்தார். இந்த வருஷம் அம்மன் லாரியில் போகிறாளாம், சீரியல் லைட்டு, மைக்கு செட்டோடு. பல்லக்கே கிடையாது. நான் அதிர்ந்துபோய்க் காரணம் கேட்டேன். தண்டு தூக்குகிறவர்களில் ஒருவருக்கு முட்டி தேய்ந்திருக்கிறது, ஒருவருக்கு நடு முதுகு, தலைவர் அப்பாவுக்கே இடுப்பு. இத்தனை வருஷமாக யாரும் வாயைத் திறக்கவில்லை, நான் சரியானதைப் பார்த்தபிறகுதான் ஒவ்வொருவராகச் சொல்லியிருக்கிறார்கள். எல்லோரும் இப்போது வாசலில் நின்று சௌமியாவின் விலாசம் கேட்கிறார்கள். நாளைக்கு நானே டோல்கேட்டுக்கு அழைத்துப் போகிறேன். அதனால் நீ லீவு போடத் தேவையில்லை, ஆனாலும் வா. லாரியில் டிரைவர் பக்கத்தில் எனக்கென்று ஓர் இடம் வைத்திருக்கிறார்களாம். வேண்டாம், நான் கன்னியம்மாளோடு நடந்தே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.