ஹம்மிங்பேர்டுக்கு வைத்த பானகம்

ஒரு விஷயம் எனக்கு எவ்வளவுக்கெவ்வளவு குறைவாகத் தெரியுமோ, அவ்வளவுக்கவ்வளவு அடித்துப் பேசுவேன். பிறவிக் குணம். அதனால் என் கல்யாணமே நின்றுபோக இருந்தது.

பெண் பார்க்க வருவதற்கு முன் சரவணனோடு போனில் பேசியிருந்தேன். ஒரத்தநாட்டில் மாட்டு டாக்டர். பறவை என்றால் உயிர் என்றார். அந்தக் குரல் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. (கட்டினால் இவரைத்தான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன், வீட்டில் மூச்சு விடவில்லை.) சும்மா இருந்திருக்கலாம். "தாராசுரத்துல எங்க கொல்லைக்கு டெய்லி ஹம்மிங்பேர்டு வருங்க" என்றேன். செம்பருத்திக்கு வளைந்த மூக்கோடு குட்டியாக ஏதோ வரும், வேறென்னவாக இருக்கப்போகிறது? "அப்படிங்களா?" என்று இழுத்தார். மனுஷன் அசந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் வருகிற அன்று பறவை வராவிட்டால் மானம் போய்விடுமே! ஹம்மிங்பேர்டுக்கு இனிப்புத் தண்ணீர் வைக்கும் புட்டியை ஆன்லைனில் தேடினேன். தட்டு மாதிரி ஒன்று, கழுவ சுலபம். எறும்பு ஏறாமல் இருக்கக் கிண்ணம் வைத்த ஒன்று. சிவப்புக் கண்ணாடியில் ஒன்று. மூன்று நாள் ஆராய்ந்து (பரீட்சைக்குக்கூட இப்படிப் படித்ததில்லை) சிவப்பைத் தேர்ந்தெடுத்தேன். பெண் பார்க்கும் அன்று கட்டப்போகும் புடவையின் பார்டர் அதே நிறம்.

வெள்ளைச் சர்க்கரை கலக்க வேண்டும், இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று அட்டையில் போட்டிருந்தது. எனக்கேவா சொல்லித் தருகிறார்கள்? வெல்லத்தைக் கரைத்து, கெட்டியாகப் பானகம் ஊற்றி, செம்பருத்திக் கிளையில் மாட்டினேன். ஒரு வாரம் வெயிலில் தொங்கியது. எறும்பு வந்தது. குளவி வந்தது. பறவை மட்டும் வரவில்லை.

அன்று அலங்காரமெல்லாம் முடிந்து, கடைசியாக ஒருமுறை பார்க்கப் போனேன். துளைகளை எறும்பு அடைத்திருந்தது. அண்ணாந்து நின்று தட்டினேன். அடிமூடி கழன்று, மொத்தமும் என் தலையில்! வாசலில் கார் வந்து நின்றது.

"அடிப்பாவி! சாராயக் கடையில விழுந்து எழுந்த மாதிரி நாறுறியேடி!" என்றாள் அம்மா. புடவையை மாற்றியாயிற்று, தலைமுடியை என்ன செய்வது? இரண்டு முழம் மல்லிகையை அதன்மேல் வைத்து, காபித் தட்டோடு தள்ளிவிட்டாள்.

நான் குனிந்ததும் சரவணனின் அம்மா மூக்கைச் சுளித்தார். "பொண்ணு ஏதாவது... மருந்து சாப்பிடுதுங்களா?"

அப்பா முகத்தில் ஈயாடவில்லை. அவர்கள் எழுந்துவிடுவார்கள் என்று தெரிந்தது. ஓடிப்போய்ப் புட்டியை எடுத்துவந்து, நடுக்கூடத்தில் வைத்து, எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

சரவணன் தயங்கியபடி, "நம்ம நாட்டுலயே ஹம்மிங்பேர்டு கிடையாதுங்க. உங்க வீட்டுக்கு வர்றது தேன்சிட்டு" என்றார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க சொன்ன உறுதியில எனக்கே சந்தேகம் வந்துடுச்சுங்க."

அவர் அம்மா அசையவில்லை. "வெல்லத் தண்ணி எங்கயாவது இப்படி நாறுமா?"

அதுவரை வாயே திறக்காத அவர் அப்பா, புட்டியை வாங்கி, கண்ணை மூடி ஆழமாக முகர்ந்தார். "வெல்ல ஊறல்தான். பதம் தாண்டிடுச்சு. மூணாம் நாளே இறக்கியிருக்கணும்."

அந்த அம்மா மெல்லத் திரும்பினார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அதற்குப் பிறகு என்னை யாரும் விசாரிக்கவில்லை. அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் முடிந்தது.

ஏழு வருஷம் ஆகிறது. இன்றும் தாராசுரத்துக்கு வந்தால், சாப்பிட்டுவிட்டு மாமனார் கை கழுவக் கொல்லைப்பக்கம் நகர்ந்தால் போதும். கூடத்திலிருந்து மாமியார் குரல் வரும்:

"என்னங்க, ஹம்மிங்பேர்டு பாக்கவா?"